‘அம்மா, ஒண்ணு சொல்லணும்... திட்ட மாட்டியே?’

இரவு பத்தரை மணி. அரைத்த மாவைப் பாத்திரம் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார் அம்மா. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள் சமையலறைக் கதவோரம் வந்து நிற்கிறாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள். குடித்த பிறகும் போகாமல் நிற்கிறாள்.

‘‘அம்மா, ஒண்ணு சொல்லணும். திட்ட மாட்டியே?’’

‘‘என்னடி, கணக்குல மார்க் போச்சா?’’

‘‘இல்லம்மா... ஒருத்தன் என் போட்டோ வெச்சிருக்கான். நான் சொல்றதக் கேக்கலைன்னா எல்லாருக்கும் அனுப்பிடுவேன்னு மிரட்டறான்.’’

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், மாநகர அப்பார்ட்மென்ட்டிலும் நடக்கலாம், பேருந்து நிற்காத கிராமத்து வீட்டிலும் நடக்கலாம். ஒரு போனும் இணையமும் இருந்தால் போதும். அந்தப் பெண் இந்த இரண்டு வரியைச் சொல்வதற்கு முன் எத்தனை இரவு தூங்காமல் கிடந்திருப்பாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். அடுத்த பத்து நிமிடத்தில் அந்த அம்மா என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

‘‘படிக்கத்தானே போன் வாங்கிக் குடுத்தோம்? உன்னை யாரு போட்டோ அனுப்பச் சொன்னா?’’ என்று கை ஓங்கினால், மிரட்டுபவன் ஜெயித்துவிட்டான். ஏனென்றால், அவன் கையில் இருக்கும் ஆயுதம் அந்தப் படம் மட்டுமல்ல. ‘வீட்டுக்குத் தெரிந்தால் நான் செத்தேன்’ என்று பிள்ளை பயப்படுகிறதே, அந்தப் பயம்தான் அவனுடைய முதலீடு. அதைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட முடிந்தவர்கள் வீட்டில் இருப்பவர்கள் மட்டும்தான்.

ஒரு பெண் விட்டுச்சென்ற பாடம்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைச் சேர்ந்தவர் அமாண்டா டாட். ஏழாம் வகுப்புப் படித்த சமயத்தில் தோழிகளோடு வீடியோ சாட் செய்து பழகியவர். திரையின் அந்தப் பக்கம் இருந்த முகம் தெரியாத ஒருவன், ‘நீ அழகாக இருக்கிறாய்’ என்று புகழ்ந்து, அவர் தன் உடலை ஒரு கணம் காட்டும்படி செய்தான். அந்த ஒரு கணத்தைப் படமாகப் பிடித்துவைத்துக்கொண்டான். அதைக் காட்டி இன்னும் வேண்டும் என்று மிரட்டினான். மறுத்தபோது படம் பள்ளி நண்பர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

குடும்பம் போலீஸில் புகார் சொன்னது. அமாண்டா பள்ளி மாறினார். போன இடத்துக்கெல்லாம் போலிக் கணக்குகளில் வந்து அவன் படத்தைப் பரப்பினான். அதைவிடக் கொடுமை, சுற்றியிருந்த பிள்ளைகள் செய்தது. கேலி, ஒதுக்கல், அடி. 2012 செப்டம்பரில், ஒரு வார்த்தை பேசாமல், அட்டைகளில் எழுதிக் காட்டி, தன் கதையை யூடியூபில் பதிவுசெய்தார் அமாண்டா. அடுத்த மாதம் 10-ம் தேதி அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது வயது 15.

அவரை மிரட்டியவன் கடல் கடந்து நெதர்லாந்தில் இருந்தான். அங்கே வேறு பலரை மிரட்டிய வழக்கில் 2017-ல் தண்டிக்கப்பட்டான். பிறகு கனடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2022 அக்டோபரில் 13 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றான். அமாண்டாவின் தாய் கேரல் டாட் அன்றிலிருந்து இன்றுவரை மற்றப் பிள்ளைகளுக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்.

படத்தைப் பரப்பியவன் ஒருவன். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக நடத்தியவர்கள் பலர். மிரட்டல் பலிப்பதற்குக் காரணமே இந்தப் பலர்தான். அந்தக் கூட்டத்தில் பெற்றோர் ஒருபோதும் சேர்ந்துவிடக் கூடாது.

தூண்டில் எப்படி விழுகிறது?

‘என் பிள்ளை புத்திசாலி, இதிலெல்லாம் மாட்டாது’ என்று நினைக்கும் பெற்றோர் அதிகம். இந்த வலையில் விழுவதற்கு அசட்டுத்தனம் தேவையில்லை. பாராட்டுக்கு ஏங்கும் வயது ஒன்று போதும். ஆங்கிலத்தில் இதை ‘குரூமிங்’ என்கிறார்கள். நம்ம ஊர் மொழியில் சொன்னால், பிள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி வசப்படுத்துவது. பெரும்பாலும் இந்த வரிசையில் நடக்கும்.

முதலில் தேடல். எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்த இன்ஸ்டாகிராம் கணக்கு, ஆன்லைன் கேமில் முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதி, ‘ரொம்ப போர் அடிக்குது’, ‘யாருக்கும் என்னைப் பிடிக்கல’ என்ற பதிவுகள். இவையெல்லாம் அவர்களுக்கு வாசல்.

அடுத்து நட்பு. ‘நானும் டென்த்தான்’ என்று ஆரம்பிக்கும். போலிப் படம், போலி வயது. கேமில் டைமண்ட் வாங்கிக் கொடுப்பது, ரீசார்ஜ் செய்துவிடுவது, அம்மா திட்டினால் ஆறுதல் சொல்வது. ‘உன்னை என்னைத் தவிர யாரும் புரிஞ்சுக்க மாட்டாங்க’ என்ற வசனம் இங்கேதான் வரும்.

மூன்றாவது, இடம் மாற்றம். பலர் பார்க்கும் இடத்திலிருந்து யாரும் பார்க்காத இடத்துக்கு. ‘டெலிகிராமுக்கு வா’, ‘ஸ்நாப்சாட்ல பேசலாம், மெசேஜ் தானா அழிஞ்சிடும்’ என்பார்கள். பிள்ளையின் கண்ணுக்கு அழிந்துபோவது எதிர்முனையில் ஸ்கிரீன்ஷாட்டாகத் தங்கிவிடும்.

நான்காவது, ரகசியம். ‘வீட்ல சொல்லாதே. சொன்னா உன் போனைப் பிடுங்கிடுவாங்க.’

அதன் பிறகுதான் படம் கேட்பது. முதலில் சாதாரண செல்ஃபி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே ஒரு படம் கிடைத்ததும் குரல் மாறும். இன்னும் படம் வேண்டும், அல்லது பணம் வேண்டும், அல்லது நேரில் வரவேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் மூன்றாவது, நான்காவது படிகள். ‘யாராவது தனியா வேற ஆப்புக்குக் கூப்பிட்டாலோ, வீட்ல சொல்லாதேன்னு சொன்னாலோ அங்கேயே நிறுத்திட்டு என்கிட்ட வந்து சொல்லு’ என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்க முடியும். இதைச் சொல்ல உடலுறவு பற்றிய பேச்சே தேவையில்லை.

‘ஆம்பளப் பையன்தானே’ என்று விட முடியாது

பெண்ணைப் பெற்றவர்களுக்கு மட்டுமான கவலை இது என்று நினைத்தால் தவறு. பணம் பறிக்கும் மிரட்டலில் பதின்வயதுப் பையன்கள்தான் பெரிதும் குறிவைக்கப்படுகிறார்கள் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பலமுறை எச்சரித்திருக்கிறது. அழகான பெண்ணின் படத்தோடு ஒரு கணக்கு நட்பு அழைப்பு அனுப்பும். வீடியோ காலுக்கு அழைக்கும். சில நிமிடங்களில் எல்லாம் பதிவாகிவிடும். ‘உன் ஃபாலோயர்ஸ் லிஸ்ட் என்கிட்ட இருக்கு, பணம் அனுப்பு’ என்று செய்தி வரும். நண்பன் ஆரம்பித்து சித்தப்பா வரை அந்தப் பட்டியலில் இருப்பார்கள்.

பையன் வாயே திறக்க மாட்டான். ‘ஆம்பளப் பையன் அழலாமா?’ என்று சொல்லிச் சொல்லி வளர்த்த வீட்டில் அவன் யாரிடம் போய் அழுவான்? அப்பாவின் பர்ஸில் பணம் குறையும், ஜிபே கணக்கிலிருந்து சின்னச் சின்னத் தொகையாகப் போகும். திருட்டு என்று அடிப்பதற்கு முன், ‘யாராவது உன்னை மிரட்டுறாங்களாப்பா?’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இரவில் போனோடு கழிவறைக்குப் போவது, நோட்டிஃபிகேஷன் சத்தம் கேட்டாலே முகம் வெளிறுவது, யார் வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல முடியாத பரிசு, திடீரென்று பள்ளிக்குப் போக மறுப்பது, ஓயாமல் இருந்த போனைத் தொடாமலே விடுவது... இவற்றில் ஒன்று இருந்தாலே ஆபத்து என்று பொருளல்ல. ஆனால், உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

முகம் தெரியாதவனுக்கு மட்டும் பயந்தால் போதாது. 2021 மே மாதம், கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்பில் மாணவிகளிடம் அத்துமீறினார் என்ற புகாரில் சென்னைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். முன்னாள் மாணவிகள் சமூக வலைதளத்தில் எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகள் மரியாதை கொடுக்க வேண்டியவர் என்று நாமே சொல்லி வைத்திருக்கும் ஒருவரைப் பற்றிப் பிள்ளை புகார் சொன்னால், ‘சார் அப்படியெல்லாம் பண்ண மாட்டார்’ என்று வாயை அடைத்துவிடாமல் முழுதாகக் கேட்க வேண்டும். டியூஷன் அண்ணன், உறவுக்காரர் என்று யாராக இருந்தாலும் இதேதான்.

அந்தப் பத்து நிமிடம்

சமையலறைக் கதவோரம் நிற்கும் பெண்ணிடம் திரும்புவோம். அம்மாவுக்குக் கை நடுங்கும், கோபமும் பயமும் ஒன்றாக வரும். அது இயல்பு. அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்தில் உட்காருங்கள். முதலில் சொல்ல வேண்டியவை மூன்றே வாக்கியங்கள்.

‘‘என்கிட்ட சொன்னது ரொம்ப நல்லது.’’

‘‘தப்பு பண்ணவன் அவன். நீ இல்ல.’’

‘‘இனி இதை நீ தனியாப் பார்க்க வேணாம். நாங்க பார்த்துக்கறோம்.’’

‘ஏன் அனுப்பினே?’ என்ற கேள்வியை அன்று கேட்காதீர்கள். எப்போது ஆரம்பித்தது, எந்த ஆப்பில், என்ன கேட்கிறான், பணம் ஏதாவது போயிருக்கிறதா... இவை மட்டும் போதும். ஒரே கதையைத் தாத்தா, மாமா, பெரியம்மா என்று ஆளுக்கொரு தடவை சொல்லவைக்க வேண்டாம். தெரிய வேண்டியவர்கள் இரண்டு மூன்று பேர் போதும். அப்பாவிடம் சொல்லும்போது பிள்ளையை எதிரில் நிறுத்தி வைக்காமல், முதலில் நீங்கள் தனியாகச் சொல்லி அவருடைய கோபம் தணிந்த பிறகு பேசவிடுவது நல்லது.

பிள்ளை ‘வாழவே பிடிக்கல’ என்ற மாதிரி ஏதாவது சொன்னால், அதை மிரட்டலாகவோ நடிப்பாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்று இரவு அருகிலேயே படுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ நள்ளிரவிலும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-ஐயும் அழைக்கலாம்.

இன்னொன்று. நம் ஊரில் இப்படி ஒன்று நடந்தால், ‘மானம் போச்சு’ என்று பெண்ணின் படிப்பை நிறுத்துவதும், அவசரமாக வரன் பார்ப்பதும் இன்றும் நடக்கிறது. குற்றம் செய்தவன் எங்கோ நிம்மதியாக இருக்க, தண்டனை பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு. இப்படி ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்த தெருவில், அடுத்த பெண் வாயைத் திறப்பாளா?

அடுத்த 24 மணி நேரம்: செய்ய வேண்டியவை

பணம் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுமுறை கேட்பான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் அந்த யு.பி.ஐ. ஐடி, பணம் போன தேதி, நேரம், தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, உடனே 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

எதையும் அழிக்காதீர்கள். பயத்தில் சாட்டை அழிப்பதும், கணக்கையே மூடுவதும்தான் பலரும் முதலில் செய்வது. அதோடு ஆதாரமும் போய்விடும். அவனுடைய கணக்கின் பெயர், புரொஃபைல் பக்கத்தின் இணைப்பு, போன் எண், மிரட்டிய செய்திகள் எல்லாவற்றையும் தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் பிரதி எடுக்காதீர்கள், உதவி கேட்பதற்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். போனை அப்படியே வைத்திருந்து போலீஸிடம் காட்டினால் போதும்.

பதில் பேசாதீர்கள். அப்பா அவனுக்கு போன் போட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டுவதும், அண்ணன் நண்பர்களோடு தேடிக் கிளம்புவதும் வேண்டாம். ஆதாரம் எடுத்த பிறகு, அந்த ஆப்பிலேயே ‘ரிப்போர்ட்’ செய்துவிட்டு ‘பிளாக்’ செய்யுங்கள்.

புகார் கொடுங்கள். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. விருப்பப்பட்டால் பெயர் சொல்லாமலும் அதில் தகவல் கொடுக்கலாம். அருகிலுள்ள காவல் நிலையத்திலும், அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் நேரில் புகார் கொடுக்கலாம். எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்று புரியாவிட்டால் 1098.

படத்தை நீக்குங்கள். 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படங்களை இணையத்திலிருந்து நீக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவை இருக்கிறது. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் இதை நடத்துகிறது. இதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் போனிலேயே அந்தப் படத்துக்கு ஒரு டிஜிட்டல் கைரேகை உருவாக்கப்படும். அந்தக் கைரேகை மட்டுமே இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போகும். அதே படம் அங்கே இருந்தாலோ, யாராவது பதிவேற்ற முயன்றாலோ கண்டுபிடித்துத் தடுக்க அது உதவும். பெயரும் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்புவதை இதனால் தடுக்க முடியாது. இருந்தாலும், ‘இனி எதுவுமே செய்ய முடியாது’ என்று உடைந்து கிடக்கும் பிள்ளைக்கு இது பெரிய தெம்பு.

போலீஸ் என்றதும் பயம் வேண்டாம்

‘ஸ்டேஷனுக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும்’ என்பதுதான் பெரும்பாலான பெற்றோரின் தயக்கம். 2012-ல் வந்த போக்சோ சட்டம் இந்தத் தயக்கத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட எல்லோரும், ஆணோ பெண்ணோ, இந்தச் சட்டத்தின்படி குழந்தைகள்தான்.

பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியே வாங்க வேண்டும். அப்போது அவர் யூனிஃபார்மில் இருக்கக் கூடாது. பெற்றோரோ, பிள்ளை நம்பும் வேறொருவரோ கூடவே இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி என எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் அதுவே குற்றம். இவற்றைத் தெரிந்துகொண்டு போனால், கேட்டுப் பெற முடியும்.

பாலியல் நோக்கத்தோடு ஒரு பிள்ளையை இணையம் வழியாகத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், படத்தைக் காட்டி மிரட்டுவதும் போக்சோவின்படி பாலியல் துன்புறுத்தல். மூன்று ஆண்டு வரை சிறை. அந்தப் படம் உண்மையானதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. முகத்தை வெட்டி ஒட்டிய படத்தைக் காட்டி மிரட்டினாலும் இதே சட்டம்தான். செயற்கை நுண்ணறிவு ஆப்களில் பள்ளிப் புகைப்படத்தைக் கொடுத்து ஆபாசப் படம் உண்டாக்கும் இந்தக் காலத்தில், இது முக்கியமான பாதுகாப்பு. ஆபாசப் படத்துக்காகப் பிள்ளையைப் பயன்படுத்தினால் குறைந்தது ஐந்து ஆண்டு சிறை. அப்படிப்பட்டவற்றை இணையத்தில் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறையும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஒரு பிள்ளைக்கு இப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்தவர்கள் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் போக்சோவில் இருக்கிறது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று விஷயத்தை மூடி மறைக்க நிர்வாகத்துக்கு உரிமை கிடையாது.

அம்பத்தூரிலிருந்து டெல்லி வரை

இந்தக் குற்றத்தில் பார்ப்பவரின் பங்கு என்ன? இந்தக் கேள்விக்கான பதில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலிருந்துதான் கிடைத்தது.

அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் தளங்களில் கண்டுபிடிக்கும் குழந்தைப் பாலியல் படங்கள் பற்றிய தகவல்கள், 2019-ல் போடப்பட்ட ஓர் ஒப்பந்தத்தின்படி நம் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வருகின்றன. அங்கிருந்து மாநிலப் போலீஸுக்குப் போகின்றன. அப்படி வந்த ஒரு தகவலின்படி 2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையம் ஓர் இளைஞர் மீது வழக்குப் பதிந்தது. அவருடைய போனில் அத்தகைய வீடியோக்கள் இருந்தன. தனியாகப் பதிவிறக்கிப் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. குழந்தைகள் உரிமைக்காகப் போராடும் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின.

2024 செப்டம்பர் 23-ல் தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், அத்தகைய படங்களை அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே போக்சோவின் 15-வது பிரிவின் கீழ் குற்றமாகலாம் என்றது. ‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற சொல்லையே நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. ஏனென்றால், அது யாரோ விரும்பி நடித்த படம் இல்லை, ஒரு பிள்ளைக்கு நடந்த கொடுமையின் பதிவு.

இதில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புகளுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. ‘இந்தக் கயவனைப் பிடிக்கும் வரை ஷேர் பண்ணுங்க’ என்று ஒரு பிள்ளை துன்புறுத்தப்படும் வீடியோ எப்போதாவது வந்து விழும். நல்ல எண்ணத்தில் பகிர்ந்தாலும், அந்தப் பிள்ளைக்கு நடந்ததை இன்னும் நூறு பேருக்குக் காட்டுகிறோம். சட்டமும் நம் மீதே திரும்பும். யாருக்கும் அனுப்பாமல் போலீஸுக்குத் தெரிவிப்பதே சரி. வகுப்புத் தோழியின் படம் பையன்களின் குரூப்பில் சுற்றும்போதும் இதேதான். ‘எல்லாரும் அனுப்பினாங்க, நானும் அனுப்பினேன்’ என்பது நியாயமாகாது என்று மகனிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

நம் கையில் இருக்கும் சில விஷயங்கள்

முதலில் நம்முடைய ஸ்டேட்டஸ். பள்ளியின் முதல் நாள் அன்று யூனிஃபார்ம், ஐ.டி. கார்டோடு படம், குளிப்பாட்டும் வீடியோ, ‘இப்போ இங்கே இருக்கோம்’ என்ற பதிவு. பெயர், பள்ளி, வகுப்பு, போய் வரும் இடம் எல்லாம் ஒரே படத்தில் கிடைத்துவிடுகிறது. படம் போடவே கூடாது என்றில்லை. பேட்ஜ் தெரியாமல், ஊருக்கு வந்த பிறகு, தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி போடலாம்.

அடுத்து வயது. இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கவே 13 வயது ஆகியிருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான ‘டீன் அக்கவுன்ட்’ 2025 முதல் இந்தியாவிலும் இருக்கிறது. அதில் கணக்கு தானாகவே மூடியிருக்கும், முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது. 16 வயதுக்குட்பட்டவர்கள் இந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த பெற்றோரின் அனுமதி வேண்டும். ஆனால், பிறந்த ஆண்டைப் பொய்யாகக் கொடுத்துத் தொடங்கினால் இந்தப் பாதுகாப்பே கிடைக்காது. பல வீடுகளில் அந்தப் பொய்த் தேதியைப் போட்டுக் கொடுப்பவர் அப்பாதான்!

வாட்ஸ்அப்பில் புரொஃபைல் படத்தையும், குரூப்பில் சேர்க்கும் உரிமையையும் ‘என் தொடர்புகள்’ என்று மாற்றிவையுங்கள். சின்னப் பிள்ளைகளின் ஆண்ட்ராய்டு போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் போட்டால், எந்த ஆப் இறங்குகிறது என்பது உங்கள் அனுமதியோடுதான் நடக்கும். இரவில் எல்லோருடைய போனும், அப்பா அம்மா போன் உட்பட, ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்குட்பட்டவர்கள் முக்கிய சமூக வலைதளங்களில் கணக்கு வைத்திருக்கவே 2025 டிசம்பர் 10 முதல் தடை. அரசுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழி தேடுகின்றன. எந்தப் பூட்டு போட்டாலும் நண்பனின் போன் இருக்கிறது, பக்கத்து வீட்டு வைஃபை இருக்கிறது. பூட்டு தாமதப்படுத்தும். காப்பாற்றுவது, பிரச்னை வந்த அன்றே பிள்ளை நம்மிடம் வந்து சொல்வதுதான்.

அதற்கான ஏற்பாட்டை இன்றே செய்யலாம். சாப்பிடும்போதோ, வண்டியில் போகும்போதோ, முகத்தைப் பார்க்காமல் பேச வசதியான ஒரு நேரத்தில், சாதாரணமாகச் சொல்லுங்கள். ‘‘நெட்ல யாராவது உன்னை சங்கடப்படுத்தினா என்கிட்ட சொல்லு. நீயே தப்புப் பண்ணியிருந்தாலும் பரவாயில்ல. சொன்னதுக்காக அடிக்க மாட்டேன், போனைப் பிடுங்க மாட்டேன்.’’ சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். பால் டம்ளரை உடைத்ததற்கு, மார்க் குறைந்ததற்கு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்த்துத்தான், பெரிய விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள்.

சமையலறைக் கதவோரம் தண்ணீர் டம்ளரோடு நிற்கும் அந்தப் பெண், ‘திட்ட மாட்டியே?’ என்று கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மாவு நாளைக்குக் கூடப் பார்த்துக்கொள்ளலாம். கையைத் துடைத்துக்கொண்டு, ‘‘வா, உக்காரு. சொல்லு’’ என்பதுதான் அம்மா இப்போது செய்ய வேண்டியது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்

1098 – குழந்தைகளுக்கான உதவி எண். பிள்ளைகள் தாங்களே அழைக்கலாம்.

1930 – சைபர் குற்ற உதவி எண். பணம் போயிருந்தால் உடனே அழைக்கவும்.

14417 – தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறை உதவி எண்.

14416 – டெலி மானஸ் மனநல ஆலோசனை.

112 – அவசர உதவி.